காலியான இருக்கையும் பின்வரிசைத் தாளமும்

நவம்பர் திங்கள் பிறந்துவிட்டால் நம் கல்லறைத் தோட்டங்களில் புல் செதுக்கப்படுகிறது, சிலுவைகளுக்கு வெள்ளையடிக்கப்படுகிறது, சாமந்தி மாலைகளும் மெழுகுதிரிகளும் வந்து சேருகின்றன. இறந்தோரை நினைவுகூர்வதில் தமிழ்க் கத்தோலிக்கர் எவர்க்கும் பின்தங்கியவர் அல்லர். ஆயினும், ஒருவரை நினைவுகூர்தல் என்றால் உண்மையில் என்ன செய்வது என்ற வினாவை நாம் அதிகம் எழுப்பிக்கொள்வதில்லை. அந்த வினாவை நம்முன் கொண்டுவந்து நிறுத்தியது ஒரு மறையுரையோ இறையியல் நூலோ அன்று. தாளக் கலைஞர் ஒருவரின் இசைத்தொகுப்பு. அதைப் பற்றியே இங்கு எழுத முற்படுகிறோம்.

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடைப்பட்ட நம் பங்கில், முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாடகர் குழுவை நடத்திவந்த பெரியவர் காலமானார். ஆலையில் வேலை முடித்து, எண்ணெய்க் கறை போகாத விரல்களோடு ஆர்மோனியத்தின் முன் அமர்ந்தவர் அவர். அவருக்கு நினைவுச்சின்னம் எழுப்புவது குறித்துப் பங்குப் பேரவை கூடியது. பளிங்குக் கல் பதிக்கலாம் என்றனர் சிலர். அவர் வாசித்த ஆர்மோனியத்தைப் பூட்டிவைத்து, இனி எவரும் தொடாமல் காக்க வேண்டும் என்றனர் சிலர். அவரைப் போலவே பாடக்கூடிய ஒருவரைக் கண்டுபிடித்து, அவர் பாடியபடியே ஒரு சுரம் பிசகாமல் பாடவைக்க வேண்டும் என்றனர் மற்றும் சிலர். மூன்றிலும் அன்பு இருந்தது. ஆனால், அவருக்குப் பின்னால் இருபது ஆண்டுகள் அமர்ந்து டிரம்ஸ் வாசித்த மனிதரைப் பற்றி அன்று எவரும் பேசவில்லை. நாமும் பேசவில்லை. அதற்கான காரணத்தைப் பின்னர் சொல்கிறோம்.

கூட்டம் கலைந்தபின், தொழிற்பேட்டையில் கடைசல் வேலை செய்யும் இளைஞர் ஒருவர் நம்மிடம் வந்து, “ஃபாதர், முடிவு பண்றதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை கேளுங்க” என்று சொல்லி நம் கைப்பேசியில் ஓர் இசைத்தொகுப்பை ஏற்றித் தந்தார். திரிலோக் குர்ட்டு என்ற இந்தியத் தாளக் கலைஞர் 2013-இல் வெளியிட்ட ‘ஸ்பெல்பவுண்ட்’ அது. மறைந்த டிரம்பெட் கலைஞர்களுக்கு, சிறப்பாகத் தம்மை இளமையில் தம்மோடு சேர்த்துக்கொண்ட டான் செரிக்கு, அவர் செலுத்திய காணிக்கை.

ஜாஸ் என்றவுடன் நம்மில் பலருக்கு இரவு விடுதியும் மதுக் கோப்பையும் மனத்தில் தோன்றலாம். அமெரிக்காவில் அடிமைகளாக விற்கப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் வழித்தோன்றல்கள் தங்கள் துயரத்தையும் மகிழ்ச்சியையும் கலந்து உருவாக்கிய இசை அது. அது இந்தியாவில் வேரூன்றியதில் நம் திருச்சபைக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை வாசகர் அறிந்தால் வியப்பர். கோவாவின் பங்குப் பள்ளிகளில், திருப்பலிக்காகவும் திருநாள்களுக்காகவும், சிறுவர்க்கு மேலைநாட்டு இசைக்குறியீடும் வயலினும் கற்பிக்கப்பட்டன. அந்தச் சிறுவர்களே வளர்ந்து பம்பாய், கல்கத்தா நகரங்களின் நடன அரங்குகளில் ஜாஸ் வாசித்தனர்; பின்பு இந்தித் திரைப்பட இசைக்குழுக்களையும் நிறைத்தனர். ‘சிக் சாக்லெட்’ என்று புகழ்பெற்ற டிரம்பெட் கலைஞரின் இயற்பெயர் அந்தோனியோ சேவியர் வாஸ் என்பது. பீடத்தருகே கற்ற எழுத்தைக் கொண்டே அவர்கள் வீதியின் இசையை வாசித்தனர்.

அந்தப் பம்பாயில் 1951-இல் பிறந்தவர் திரிலோக் குர்ட்டு. அன்னை ஷோபா குர்ட்டு, தும்ரி பாடுவதில் நாடறிந்தவர். மகன் முதலில் கற்றது தபேலா. மேலைநாட்டு டிரம்ஸ் பின்னர் வந்தது. இரண்டையும் அவர் ஒன்றாக்கிய விதம் தனித்தன்மை வாய்ந்தது. உயரமான முக்காலியில் அமர்ந்து வாசிக்கும் வழக்கத்தை விட்டு, தரையோடு தரையாக, ஏறக்குறைய முழந்தாளிட்ட நிலையில், தபேலாவையும் டிரம்களையும் சுற்றிலும் வைத்துக்கொண்டு வாசித்தார். மணிகளையும் வெண்கலத் தட்டுகளையும் ஒரு வாளி நீரில் அமிழ்த்தி எடுத்து, ஓசை நீருக்குள் வளைந்து கரைவதைக் கேட்கச் செய்தார்.

டான் செரி 1936-இல் அமெரிக்காவின் ஓக்லகோமா நகரில் பிறந்தவர். ஆர்னெட் கோல்மன் என்ற புரட்சியாளரின் குழுவில், 1950-களின் இறுதியில், ‘பாக்கெட் டிரம்பெட்’ எனப்படும் மிகச் சிறிய கருவியோடு புகழ்பெற்றார். அந்தப் புகழிலேயே அவர் தங்கிவிடவில்லை. சுவீடனில் வீடமைத்துக்கொண்டு, ஆப்பிரிக்க, அரேபிய, இந்திய இசைகளைத் தேடிச் சென்றார். சென்ற இடத்தில் ஆசானாக அமராமல் மாணவராக அமர்ந்தார். இளைஞராக ஐரோப்பாவுக்கு வந்திருந்த குர்ட்டு 1970-களில் செரியோடு சேர்ந்து வாசித்தார். செரி 1995 அக்டோபர் 19-ஆம் நாள் ஸ்பெயினின் மாலகா நகரில் காலமானார்.

இவ்விருவரின் உறவைப் புரிந்துகொள்ள 2013-ஆம் ஆண்டுத் தொகுப்பு மட்டும் போதாது. குர்ட்டு தம் பெயரில் முதன்முதலாக வெளியிட்ட ‘உஸ்ஃப்ரெட்’ என்ற தொகுப்பையும் (1988) கேட்க வேண்டும். அதில் அன்னை ஷோபா குர்ட்டு பாடுகிறார். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த நம் எல். சங்கர் வயலின் வாசிக்கிறார். டிரம்பெட் வாசிக்கிறவர் டான் செரி. தலைவராக இருந்தவர், தமக்குப் பின்னால் அமர்ந்த இளைஞனின் முதல் முயற்சிக்கு விருந்தினராக வந்து, அவன் சொன்ன தாளத்துக்குள் நின்று வாசித்திருக்கிறார். பெரிய வியாழனன்று பாதங்களைக் கழுவும் நாம், அச்செயலின் பொருளை இதைவிட எளிமையாக எங்கே காண்போம்? இருபத்தைந்து ஆண்டுகள் கழித்துக் குர்ட்டு செலுத்திய காணிக்கை, அந்த விருந்துக்கான மறுவிருந்து.

இறந்தவரின் இருக்கை எத்தகையது என்பதைக் குர்ட்டு தம் வாழ்விலேயே அறிந்தவர். செரியும், காலின் வால்காட், நானா வாஸ்கொன்செலோஸ் என்ற இரு தாளக் கலைஞர்களும் சேர்ந்து ‘கொடோனா’ என்றொரு குழுவை நடத்தினர். மூவர் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்துச் செய்த பெயர் அது. தலைவர் பெயர் மட்டும் தனியே நிற்கவில்லை. அந்த வால்காட் ‘ஓரிகன்’ என்ற மற்றொரு குழுவோடு கிழக்கு ஜெர்மனியில் பயணம் செய்தபோது, 1984 நவம்பரில், சாலை விபத்தில் இறந்தார். அவர் விட்டுச்சென்ற இடத்துக்கு அழைக்கப்பட்டவர் குர்ட்டு. வால்காட்டைப் போலவே வாசிக்க அவர் முயலவில்லை. தமக்குத் தெரிந்த விதத்தில் வாசித்தார்; குழு அவரை ஏற்றுக்கொண்டு அவரோடு மூன்று இசைத்தொகுப்புகளை வெளியிட்டது. இறந்தவரைப் போல நடிப்பவர் இறந்தவரை மதிப்பவர் ஆகார் என்ற பாடத்தை, ஸ்பெல்பவுண்டுக்கு முன்பே அவர் கற்றிருந்தார்.

இனி ஸ்பெல்பவுண்டுக்கு வருவோம். ஒரு டிரம்பெட் கலைஞருக்குக் காணிக்கை செலுத்த எண்ணுபவர் என்ன செய்வார்? அவரை ஒத்த ஒருவரைத் தேடி, அவர் இடத்தில் நிறுத்தி, பழைய பாடல்களை வாசிக்கச் செய்வார். நம் பேரவையின் மூன்றாவது யோசனை அதுவே. குர்ட்டு அதைச் செய்யவில்லை. ஒருவருடைய இடத்துக்குப் பலரை அழைத்தார். நார்வேயிலிருந்து நீல்ஸ் பெட்டர் மோல்வேர் வருகிறார். இத்தாலியின் சார்டீனியாத் தீவிலிருந்து பாவ்லோ ஃபிரேசு வருகிறார். லெபனானில் பிறந்து பிரான்சில் வளர்ந்த இப்ராகிம் மாலூஃப் வருகிறார். ஒருவர் ஒலி மற்றவர் ஒலியைப் போன்றதன்று. செரியின் ஒலியைப் போன்றதும் அன்று.

மாலூஃபின் கருவியே ஒரு வரலாறு. சாதாரண டிரம்பெட்டில் அழுத்துவதற்கு மூன்று கட்டைகள் உண்டு. அரேபிய இசைக்குரிய நுண்சுரங்கள் அதில் எளிதில் பிடிபடா. எனவே மாலூஃபின் தந்தை நான்காவதாக ஒரு கட்டையைச் சேர்த்தார். மகன் அதிலேயே வாசிக்கிறார். தந்தையின் கருவியைப் பூட்டிவைக்காமல் வாயில் வைத்து ஊதுவது, தந்தையை நினைவுகூரும் முறைகளில் ஒன்றல்லவா?

இந்தத் தொகுப்பை நாம் இரண்டாம், மூன்றாம் முறை கேட்டபோது வேறொன்றும் புலப்பட்டது. குர்ட்டு தேர்ந்துகொண்ட பழைய இசைகள் யாவை என்று பாருங்கள். ஒன்று, டிஸ்ஸி கில்லெஸ்பியின் ‘மான்டெகா’. 1947-இல் பதிவான அந்த இசையின் ஊற்று கில்லெஸ்பி மட்டும் அல்லர். கியூபா நாட்டுத் தாளக் கலைஞர் சானோ போஸோ அதை அவரோடு சேர்ந்து உருவாக்கினார். அடுத்த ஆண்டே நியூயார்க்கில் சுட்டுக் கொல்லப்பட்டார். மற்றொன்று, மைல்ஸ் டேவிஸ் 1972-இல் வெளியிட்ட தொகுப்பிலுள்ள ‘பிளாக் சாட்டின்’. அதில் தபேலா வாசித்தவர் இன்றைய வங்கதேசத்தில் பிறந்த பாதல் ராய்; 2022-இல் காலமானார். மூன்றாவது, டான் செரியின் ‘யுனிவர்சல் மதர்’. செரிக்குப் பின்னால் வாஸ்கொன்செலோஸ் அமர்ந்தார், குர்ட்டுவும் அமர்ந்தார்.

தட்டில் பொறித்த பெயர்கள் டிரம்பெட் மேதைகளுடையவை. ஆனால் அவர்கள் ஒவ்வொருவருக்கும் பின்னால், வேற்று மண்ணின் தாளத்தோடு ஒரு மனிதர் அமர்ந்திருந்தார். தலைவர்களுக்குச் செலுத்தும் காணிக்கைக்குள், பின்வரிசையில் அமர்ந்தவர்களுக்கான காணிக்கை மறைவாக வைக்கப்பட்டிருக்கிறது. குர்ட்டு இதை எண்ணித்தான் செய்தாரா என்பதன்று நம் கேள்வி. முழு வாழ்நாளும் பின்வரிசையிலிருந்து மேடையைப் பார்த்த ஒருவரால் மட்டுமே இப்படித் தேர்ந்தெடுக்க முடியும் என்பதே நம் கருத்து.

‘அனைத்துலக அன்னை’ என்று பொருள்படும் அந்தச் செரியின் இசை நம்மை நீண்ட நேரம் நிறுத்திவைத்தது. குர்ட்டுவின் முதல் தொகுப்பில் பாடிய அன்னை ஷோபா 2004-இல் மறைந்துவிட்டார். ஆசானுடைய இசையை மகன் எடுத்து வாசிக்கும்போது, கேட்பவர் மனத்தில் இருவர் நினைவும் ஒன்றாக வருகிறது. கத்தோலிக்க வாசகர் உடனே மரியன்னையை எண்ணக்கூடும். ஆனால் செரி பௌத்த வழியில் ஆழ்ந்த பற்றுக்கொண்டவர். அவருடைய சொல்லுக்கு அவர் அறியாமல் நாம் திருமுழுக்குக் கொடுப்பது முறையன்று. பிறர் வணங்குவதை அவர் பொருளிலேயே கேட்கும் பணிவும் ஒருவகைச் செபமே.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். பல விருந்தினரை அழைக்கும் வீட்டில் எவரோடும் நெடுநேரம் பேச முடியாது. இத்தொகுப்பிலும் அப்படியே. ஒருவர் ஒலியோடு நாம் பழகத் தொடங்கும்போதே மற்றொருவர் வந்துவிடுகிறார். மைல்ஸ் டேவிஸின் ‘ஆல் புளூஸ்’ போன்ற, உலகமெங்கும் பலமுறை வாசிக்கப்பட்டுவிட்ட இசையைச் சேர்த்தது, புதியதைத் தேடி அலைந்த செரியின் இயல்புக்குச் சற்றே எதிரானது என்றும் தோன்றுகிறது. கேட்பவரின் பழைய அன்பைக் கடன் வாங்கிக்கொள்வதாகிறது. உஸ்ஃப்ரெட்டில் இருந்த ஆபத்தும் துணிவும் இங்கே குறைவு. ஐம்பது வயதைக் கடந்த நாம் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நன்றி சொல்ல வந்தவர் சற்று அடக்கமாகவே பேசுவார்.

இப்போது, முன்பு நிறுத்திவைத்த செய்தியைச் சொல்ல வேண்டும்.

தாளக் கருவிக்கும் திருச்சபைக்கும் உள்ள உறவு எளிதானதாக இருந்ததில்லை. 1903 நவம்பர் 22-ஆம் நாள், இசைக்குப் பாதுகாவலியான புனித செசிலியாவின் திருநாளன்று, திருத்தந்தை புனித பத்தாம் பத்திநாதர் விடுத்த ஆணை, முரசு, கைத்தாளம் முதலிய ஓசைமிக்க கருவிகளை ஆலயத்துக்குள் தடைசெய்தது. அறுபது ஆண்டுகள் கழித்து இரண்டாம் வத்திக்கான் சங்கம், மறைபரப்பு நாடுகளின் மக்களுக்குரிய இசை மரபுகளை மதித்துத் திருவழிபாட்டில் இடம் தரவேண்டும் என்று பணித்தது. தமிழகத்தில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 150-ஆம் திருப்பாடல் முரசையும் தாளத்தையும் ஆண்டவரைப் புகழ அழைக்கிறது. நாமோ பறையைத் தொட்ட கையை நெடுங்காலம் வாசலுக்கு வெளியே நிறுத்தினோம். கருவியின் ஓசைக்கு அஞ்சினோமா, வாசித்தவரின் பிறப்புக்கு அஞ்சினோமா என்பதை நம் மனச்சான்று அறியும்.

பூந்தமல்லிக் குருமடத்தில் இவற்றையெல்லாம் கற்றுத் தேர்வும் எழுதிய நாம், இந்தப் பங்கின் பொறுப்பேற்ற முதல் தவக்காலத்தில் டிரம்ஸை எடுத்துவைக்கச் சொன்னோம். தவக்காலத்தில் இசைக்கருவிகள் பாடலுக்குத் துணையாக மட்டுமே ஒலிக்கலாம் என்பது முறையான ஒழுங்கே, அதில் தவறில்லை. உயிர்ப்புப் பெருவிழா வந்தது; மணிகள் ஒலித்தன; ‘உன்னதங்களிலே’ பாடப்பட்டது. எடுத்துவைத்ததைத் திரும்பக் கொண்டுவரச் சொல்ல நாம் மறந்துபோனோம். மறந்தோம் என்பதும் முழு உண்மையன்று. சத்தம் குறைந்தது நமக்கு வசதியாக இருந்தது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. சில மாதங்கள் கடைசி இருக்கையில் அமர்ந்து திருப்பலி கண்டார். பின்பு வருவதை நிறுத்திக்கொண்டார். பாடகர் குழுத் தலைவர் இருமுறை அவருக்காக நம்மிடம் பேசினார். பார்க்கலாம் என்றோம். பார்ப்பதற்குள் அவர் இறந்துவிட்டார்.

அந்த மனிதர்க்குப் பளிங்குக் கல் பதிக்கத்தான் நாம் கூடியிருந்தோம்.

இரவில் அரக்கோணம் செல்லும் வண்டிகள் ஒவ்வொன்றாகக் கடந்து ஓய்ந்தபின், அறையில் அமர்ந்து அந்தத் தொகுப்பைக் கேட்டபோது நமக்கு உறைத்தது இதுவே. இறந்த தலைவரை உண்மையாக நினைவுகூரும் உரிமை, அவருக்குப் பின்னால் அமர்ந்தவருக்குத்தான் முதலில் உண்டு. அவருடைய மூச்சு எங்கே நிற்கும், எந்த அடியில் தொடங்கும் என்பதை இருபது ஆண்டுகள் முதுகைப் பார்த்தே அறிந்தவர் அவர். அந்த நினைவை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு நாம் கல்லில் எதைப் பொறிக்கப் போகிறோம்?

திருப்பலியில் ஒவ்வொரு நாளும் நாம் நினைவுகூர்கிறோம். அந்நினைவு, நடந்து முடிந்ததை ஏக்கத்தோடு எண்ணிப்பார்ப்பதன்று. நடந்ததன் ஆற்றல் இன்று, இங்கே, கூடியிருப்போர் நடுவில் செயல்படுவது என்று இறையியல் கற்பிக்கிறது. ஆண்டவர் தம் சீடரிடம், தாம் போவது அவர்களுக்கு நன்மை என்றார். போனால்தான் துணையாளர் வருவார் என்றார். துணையாளர் வந்தபோது நடந்தது என்ன? தலைவரைப் போலவே பேசும் ஒருவர் எழவில்லை. பலர் பல மொழிகளில் பேசினர். கேட்டவர் ஒவ்வொருவரும் தம் மொழியில் கேட்டனர். ஒரு டிரம்பெட்டின் இடத்தில் பல டிரம்பெட்டுகளை நிறுத்திய கலைஞர் இந்த நிகழ்ச்சியை எண்ணினார் என்று நாம் சொல்லவில்லை. அவருடைய இசை நம்மை எண்ணச் செய்தது என்று மட்டும் சொல்கிறோம்.

மறுவாரம் ஆவடியில் அந்த டிரம்ஸ் கலைஞரின் வீட்டுக்குச் சென்றோம். மன்னிப்புக் கேட்கவே சென்றோம், கேட்டோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, “அவர் இல்லாம யாருக்கு ஃபாதர் வாசிக்கிறது?” என்றார். நம்மிடம் விடை இல்லை. கைப்பேசியை எடுத்து அந்தத் தொகுப்பைக் கேட்கச் செய்தோம். முதலில் தலையைத் தாழ்த்தியபடி கேட்டவருடைய விரல்கள் சற்று நேரத்தில் நாற்காலியின் கையைத் தட்டத் தொடங்கின.

பேரவையில் நாம் கல்லைத் தடுக்கவில்லை. சிறிதாக ஒன்று பதிக்கப்பட்டது. ஆர்மோனியம் பூட்டப்படவில்லை. குழுவின் பிள்ளைகள் மூவர் முறைவைத்து வாசிக்கின்றனர். மூவருக்கும் மூன்று விதமான கை. பெரியவர் அமைத்த மெட்டுகள் அவர் பாடியபடியே இப்போது ஒலிப்பதில்லை என்று முன்வரிசைப் பெரியோர் சிலர் குறைபடுகின்றனர். அக்குறை நியாயமானது, அதுவும் அன்பிலிருந்து வருவதே. இந்தக் கல்லறைத் திருநாள் மாலைத் திருப்பலிக்கு வந்து வாசிப்பதாக டிரம்ஸ் கலைஞர் சொல்லியிருக்கிறார். உறுதியாக வருவாரா என்று கேட்டதற்கு, முந்தின நாள் தோல் இறுக்கிப் பார்க்க வேண்டும், ஆலயச் சாவி தேவை என்றார். சாவியைக் கொடுத்துவிட்டோம்.